ஒன்பது வீடியோக்கள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என்னிடம் வெப்சைட் செய்துகொண்டவர்கள் எல்லோரும் சொல்வார்கள். பொய்யில்லை. முகப்புப் பக்கத்தில் வீடியோ வேண்டும் என்று யாராவது வாய் திறந்தால் போதும், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு பல் டாக்டர், பல் பிடுங்குவதை நான்கு வீடியோவாக எடுத்து வந்து, பக்கத்தைத் திறந்ததுமே அவை வரிசையாக இருக்க வேண்டும் என்றார். "டாக்டர், பல்வலியோட வர்றவன் உங்க போன் நம்பரைத் தேடித்தான் வருவான். அவனைப் பிடிச்சு வாசல்லயே ஏன் நிக்க வைக்கிறீங்க?" என்று கேட்டேன். மனிதர் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு அவர் போனிலேயே திறந்து காட்டினேன். நான்கையும் எடுக்கச் சொல்லிவிட்டார்.

அவரிடம் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. ஒரு பக்கத்தில் வீடியோவைப் பதித்தால் வீடியோ மட்டும் வராது. அதை ஓட்டுகிற பெட்டி, அந்தப் பெட்டிக்கு வேண்டிய நிரல்கள், யார் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கிற சங்கதிகள் எல்லாம் மூட்டை முடிச்சோடு சேர்ந்து வரும். யாரும் அழுத்தாமலே வரும். ஒரு வீடியோ என்றால் சமாளிக்கலாம். நான்கு, ஐந்து என்று போனால், நல்ல இணைப்பும் புதுப் போனும் வைத்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. பழைய போன் வைத்திருப்பவர் சுற்றுகிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இதற்கு வைத்தியமும் சுலபம். வீடியோ இருக்கும் இடத்தில் ஒரு படத்தை மட்டும் வைத்துவிட்டு, அழுத்தினால் மட்டும் வீடியோ வரும்படி செய்யலாம். ஐந்து நிமிட வேலை.

இதெல்லாம் எனக்குத் தெரியும். பதினான்கு வருடமாக ஊருக்கெல்லாம் இதைத்தான் ஓதிக்கொண்டிருக்கிறேன்.

என் அண்ணனை வீட்டில் துரை என்று கூப்பிடுவோம். அது அவன் பெயரில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் மேற்பார்வை பார்க்க வந்தவன் போல் நடப்பான் என்பதால் அப்பா வைத்த பட்டம். நாற்பத்திரண்டு வயது. பேச்சு வராது. மனசுக்கு நான்கு வயதுதான். நான்கடி நடப்பான், நிற்பான், இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் வலது காதைத் தொடுவான், மறுபடி நான்கடி. போட்டோவில் பார்த்தால் பேங்க் மானேஜர் மாதிரி இருப்பான். நடந்தால்தான் அவன் யாரென்று தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, கண் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற வழியில், பஸ் நிலையத்தில் அம்மா கையிலிருந்து அவன் கை நழுவிவிட்டது. ஒரு பஸ்ஸிலிருந்து கூட்டம் இறங்கியது, இன்னொன்றில் ஏறியது, அவ்வளவுதான். அம்மா எனக்குப் போன் செய்தாள். "துரை, துரை" என்று மட்டும் சொன்னாள்.

போலீசில் எழுதிக் கொடுத்தோம். அன்றே அவன் போட்டோவையும் அம்மாவின் போன் நம்பரையும் போட்டுத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் போன் அடிக்க ஆரம்பித்தது. முதல் நான்கு பேர் ஆறுதல் சொன்னார்கள். ஐந்தாவது ஆள் ஊமை போல முனகிவிட்டுச் சிரித்தான். பின்னால் இன்னும் இரண்டு பேர் சிரிக்கிற சத்தம் கேட்டது. அம்மா அது துரை என்றே நினைத்து, "எங்கப்பா இருக்கே, அம்மா வந்துட்டேன், அங்கயே இரு" என்று போனில் கெஞ்சிக்கொண்டிருந்தாள். நான் பிடுங்கித்தான் வைத்தேன். அந்த நாய்கள் எந்த ஊர் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அதனால்தான் புதன்கிழமை அந்தப் பக்கத்தைச் செய்தேன். விளம்பரத்தில் நம்பர் கிடையாது. போட்டோ, அதன் கீழே "இவரை நடையை வைத்து அடையாளம் காணலாம், வீடியோவைப் பாருங்கள்" என்று ஒரு வரி, அதன் கீழே பக்கத்தின் முகவரி. அந்தப் பக்கத்தில் மேலே வீடியோக்கள், கடைசியில் என் நம்பர். வீடியோவையெல்லாம் தாண்டிக் கீழே வரை வருகிறவன் உண்மையில் அக்கறை உள்ளவனாகத்தான் இருப்பான் என்று கணக்குப் போட்டேன்.

முதலில் நான்கு வீடியோதான் வைத்தேன். எல்லாம் அவன் நடக்கிறது. பிறகு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அவன் சிரிக்கறது இல்லையேடி. யாராவது சிரிச்சுப் பேசினா அவனும் சிரிப்பான், அப்ப கண்டுபிடிச்சிடுவாங்க" என்றாள். வைத்தேன். வாஷிங் மெஷின் சுற்றுவதைக் குனிந்து பார்ப்பது, சட்டைப் பொத்தானைத் தானே போடுவது, சாப்பிடுவது, கடைசியாக அவன் தூங்குவது. தூங்குகிறவனைப் பார்த்து யார் அடையாளம் சொல்லப்போகிறார்கள்? ஆனால் அம்மா, "எங்கயாவது படுத்திருந்தான்னா?" என்று கேட்டாள். அதையும் வைத்தேன். ஒன்பது ஆயிற்று.

என் ஆபீஸ் என்பது ஓர் அறை, இரண்டு மேசை. எதிர் மேசையில் என் கூட்டாளி. என் வயதுதான் அவளுக்கும். என் வாயைத் தாங்கிக்கொண்டு ஒன்பது வருடமாக இருக்கிறவள். அவள் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"ஒண்ணை மட்டும் வச்சுட்டு மிச்சத்தைப் படமா மாத்திடட்டுமா? நான் பண்றேன், அஞ்சு நிமிஷம்."

"அவன் உன் அண்ணனா?" என்றேன்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை. என் கம்ப்யூட்டரில் பக்கம் கண் மூடித் திறப்பதற்குள் திறந்தது. ஆபீஸ் இணைப்பு அப்படி. போதாததற்கு, அன்று ஐம்பது தடவை திறந்ததில் எல்லாம் ஏற்கெனவே உள்ளே வந்து சேமிக்கப்பட்டிருந்தது. வேறு யாருக்காக வேலை செய்திருந்தாலும், டிராயரில் இருக்கிற பழைய போனை எடுத்துச் சோதித்திருப்பேன். அன்று டிராயரைத் திறக்கவில்லை.

வியாழக்கிழமை மாலைக்குள் பதினோராயிரம் பேர் பக்கத்துக்கு வந்திருந்தார்கள். அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "பதினோராயிரம் பேரா! அத்தனை பேர் பார்க்கறாங்கன்னா எவனாவது ஒருத்தன் கண்ணுல பட்டுடுவான்" என்று அம்மா அன்றைக்குத்தான் ஒரு வாய் சாப்பிட்டாள். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆறேழு நொடியில் போய்விட்டார்கள் என்பதும் அதே கணக்கில் இருந்தது. நானும் பார்த்தேன். மனிதர்களுக்கு ஈரமே இல்லை, ஒரு நிமிஷம் நின்று பார்க்கக்கூட மனசில்லை என்று திட்டினேன். என் மேல் தப்பு இருக்கும் என்று ஒரு விநாடிகூடத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் போலீஸ் கூப்பிட்டார்கள். நாற்பத்தாறு கிலோமீட்டர் தள்ளி, நெடுஞ்சாலையில், ஒரு லாரி. டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதானாம். நான்கடி நடந்து சாலை நடுவில் நின்றுவிட்ட ஆளை அவன் எதிர்பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பார்த்ததை நான் எழுதப்போவதில்லை. மறுநாள் காலை, எல்லாக் கையெழுத்தும் போட்டு முடித்த பிறகு, அம்மா ஒரே பிடியாக நின்றாள். "அவன் கடைசியா எங்க இருந்தான்னு நான் பார்க்கணும்." வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. காரில் கூட்டிப் போனேன்.

அந்த இடத்துக்கு எதிரிலேயே ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது. நாங்கள் சாலையோரம் நிற்பதைப் பார்த்துவிட்டு, அங்கே வேலை செய்கிற ஒரு பெண், தலையில் போட்டிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். நாற்பது வயது இருக்கும். அம்மாவைப் பார்த்ததுமே யாரென்று புரிந்துகொண்டாள்.

"நீங்க அவரோட அம்மாவா?" என்றாள்.

"நேத்துக் காலைல ஒம்போது மணியிருக்கும்மா. அதோ, அந்தக் காத்தடிக்கிற மெஷின் பக்கத்துல உக்காந்திருந்தாரு. பேசல. பசியாத்தான் இருக்கும்னு ஒரு பன்னும் தண்ணியும் குடுத்தேன். பன்னை ரெண்டா பிச்சு ஒரு பாதியை என்கிட்டயே நீட்டுறாரு."

"அவன் தனியா சாப்பிட மாட்டான்" என்றாள் அம்மா.

"எங்க குரூப்புல அந்த விளம்பரம் வந்திருந்துச்சும்மா. போட்டோல இருக்கறவரு மாதிரியும் இருந்துச்சு, இல்லாத மாதிரியும் இருந்துச்சு. தாடி வளந்து முகமெல்லாம் கறுத்துப் போயிருந்தாரு. நடையைப் பாருங்கன்னு போட்டிருந்துச்சா, சரி பார்த்துட்டா தெரிஞ்சிடும்னு அழுத்தினேன். வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. அப்புறம் எல்லாம் வெள்ளையாயிடுச்சு. மறுபடி அழுத்தினேன். நடுவுல வண்டி வந்துச்சு, பெட்ரோல் போட்டுட்டு வந்து பார்க்கறேன், அப்பவும் சுத்திக்கிட்டுத்தான் இருக்கு. ஒரு நம்பர் இருந்திருந்தா அப்பவே கூப்பிட்டிருப்பேன். போலீசுக்குச் சொல்லலாமான்னும் நெனச்சேன். ஆள் இவரில்லன்னா, சும்மா உக்காந்திருக்கற மனுஷனைப் பிடிச்சுக் குடுத்த பாவம் வருமேன்னு விட்டுட்டேன்மா. முக்கால் மணி நேரம் உக்காந்திருந்தாரு. ஒரு லாரிக்கு டீசல் போட்டுட்டுத் திரும்பினா, ஆள் இல்ல."

முக்கால் மணி நேரம். எங்கள் வீட்டிலிருந்து அங்கே வர எங்களுக்கு ஐம்பது நிமிடம் ஆயிற்று. ஆனால் அவள் கூப்பிட்டிருந்தால், "அவர் கையை விட்டுடாதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். அது போதும்.

"அந்தப் பக்கத்தை என் பொண்ணுதான் பண்ணினா" என்றாள் அம்மா. குறை சொல்லவில்லை. பெருமையாகச் சொன்னாள். "பச்சைத் தண்ணி பல்லுல படாம உக்காந்து பண்ணினா. பதினோராயிரம் பேர் பார்த்திருக்காங்க."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டு, "என் போன்தான்மா ஓட்டைப் போன். ஏழு வருஷத்துப் போன்" என்றாள்.

"கொஞ்சம் குடுங்க" என்று அவள் போனை வாங்கினேன். கண்ணாடி ஓரத்தில் விரிசல். விளம்பரம் இன்னும் இருந்தது. அழுத்தினேன். வெயிலில் மூன்று பேரும் அந்தச் சின்னத் திரை மேல் குனிந்து நின்றோம். வட்டம் சுற்றியது. நான் நொடிகளை எண்ணினேன், தொழில் பழக்கம். பத்து. இருபது. ஒரு பஸ் எங்களைக் கடந்து போயிற்று. முப்பத்து நான்கில் திரை வெள்ளையானது.

"வரும், பொறு" என்றாள் அம்மா.

"வராதும்மா" என்றேன். "இந்தப் போன்ல வராது. இந்தப் போன் மாதிரி எந்தப் போன்லயும் வராது. ஒன்பது வீடியோ வச்சேன்மா. அது தாங்காது. எனக்கு அது தெரியும்மா. ஊருக்கெல்லாம் சொல்றவ நான்தான். கூட இருக்கறவ சொன்னா, அவ மேல எரிஞ்சு விழுந்தேன். ஒண்ணு வச்சு, நம்பரை மேல போட்டிருந்தா இவங்க கூப்பிட்டிருப்பாங்க. துரை வீட்ல இருந்திருப்பான். நான்தாம்மா..."

சொல்லிவிட்டால் நெஞ்சு கொஞ்சம் லேசாகும் என்று நினைத்துத்தான் சொன்னேன். ஒரு அறை விடுவாள், கத்துவாள், அதை வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அம்மா கத்தவில்லை. விரல்களை மடக்கி எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அதுல அஞ்சு நான் வைக்கச் சொன்னது" என்றாள்.

"அப்படி இல்லம்மா."

"நீ நாலுதான் வச்சிருந்தே. சிரிக்கறது வேணும், தூங்கறது வேணும்னு நான்தான் உக்காந்து கேட்டேன்." என் முழங்கையைப் பிடித்தாள். "அந்த அஞ்சும் இல்லன்னா தொறந்திருக்குமாடி?"

நான்கு என்றால் மெதுவாகத்தான் திறந்திருக்கும். பதினைந்து நொடி, இருபது நொடி ஆகியிருக்கும். ஆனால் திறந்திருக்கும். அந்தப் பெண் அதற்கும் மேலே காத்திருந்தவள்.

"தொறந்திருக்காதும்மா" என்றேன். "நாலே ரொம்ப அதிகம். நான் வச்ச நாலுதான் காரணம்."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதில் நான் பொய் சொன்னால் அவள் பார்க்கிற பார்வை அது.

"சரி" என்றாள். பிறகு அந்தப் பெண்ணிடம், அவன் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தான் என்று கேட்டாள்.