ஊசி ஏறிய விரல்

பொழுது புலரும் முன்பே சலவைக்கூடத்தில் கொதிகலன் இரையத் தொடங்கிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அழுக்குத் துணி மூட்டைகளைப் பெண்கள் வெறுங்கையால் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ரத்தம் காய்ந்து மொடமொடத்த விரிப்புகள், சீழ் வாடை, கண்ணைக் கரிக்கும் பிளீச்சிங் நெடி. கையுறை கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்திருந்தது அவர்களுக்கு.

"அம்மா!"

புதிதாகச் சேர்ந்த கைக்குழந்தைக்காரிதான் கத்தினாள். விரிப்பு மடிப்பில் கிடந்த ஊசி அவள் விரலில் ஏறியிருந்தது.

முதலாளி எட்டிப் பார்த்தார். "கழுவிட்டு வேலையைப் பாரு."

"டெஸ்ட் எடுக்கணும்னு சொல்றாங்களேங்க?"

"எச்ஐவி டெஸ்ட்டா? குடும்பப் பொண்ணு அந்த வரிசையில போய் நிப்பியா? பார்க்கிறவன் என்ன நினைப்பான்?"

அவள் தலை கவிழ்ந்தது. "எங்க வீட்டுக்காரர் தங்கமானவர். நமக்கெல்லாம் அது வராதுல்லக்கா?" என்று பக்கத்தில் நின்ற பெரியக்காவிடம் முணுமுணுத்தாள்.

பெரியக்காவுக்குத் தன் தங்கை நினைவுக்கு வந்தாள். ஏழு வருஷம் முன்பு, தங்கையின் விரலில் இப்படித்தான் ஏறியது. "நாம என்ன தப்பு பண்ணோம், நமக்கு வர? ஊர் வாயில விழாதேடி" என்று தடுத்தவள் இவளேதான். தங்கை எலும்பும் தோலுமாய் விழுந்த பிறகுதான் ரத்தம் பார்த்தார்கள். ஊசியாலா, வேறெதனாலா, யாருக்கும் தெரியவில்லை. "முன்னாடியே வந்திருந்தா மாத்திரையிலயே நல்லா இருந்திருப்பாங்களேம்மா" என்றார் டாக்டர். தங்கை குறை சொல்லவில்லை. "நீ பயத்துல சொன்னே, விடுக்கா" என்றாள். அந்தச் சொல்தான் இன்னும் அறுத்துக்கொண்டிருந்தது.

பெரியக்கா ஈரக்கையைப் புடவையில் துடைத்தாள்.

"என் தங்கச்சி காய்ச்சல்ல சாகலை. எச்ஐவியில செத்தா. நான்தான் அவளைப் போகவிடலை."

பெரியக்கா கைக்குழந்தைக்காரியின் கையைப் பிடித்தாள்.

"மூணு நாளுக்குள்ள போனா தடுக்க மருந்து இருக்குடி. கிளம்பு. நானும் டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுக்கிறேன்."

"இப்ப வெளியே போறவங்க திரும்ப உள்ளே வர முடியாது!" என்றார் முதலாளி.

இஸ்திரிக்காரி பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். "எனக்கும் ரெண்டு தடவை குத்தியிருக்கு. கையுறை வர்ற வரைக்கும் துணியை நீங்களே பிரிங்க."

அங்கே வேலை பார்த்த பதினோரு பேரும் வெளியேறினார்கள்.

ஆஸ்பத்திரியில், பரிசோதனை அறை வாசலில் உட்கார்ந்திருந்த கைக்குழந்தைக்காரியின் ரவிக்கை பாலில் நனைந்திருந்தது.

"ஏதாவது இருக்குன்னு சொல்லிட்டா, நீங்கல்லாம் என்கூடப் பேசுவீங்களாக்கா?"

பெரியக்கா அவள் தோளை இழுத்து அணைத்தாள்.

"வேலை போனாலும் ஒண்ணாப் போகட்டும்டி. உன்னைத் தனியா விடமாட்டோம்."

கதவு திறந்தது. "யார் முதல்ல?" என்று கேட்டாள் நர்ஸ்.

பதினோரு பேரும் எழுந்து நின்றார்கள்.