இடது பக்கம் சாய்ந்து எடுத்த அளவு

"கையை நீட்டு. கத்த மாட்டியே?" என்றான் ரொனால்ட்.

"நீ விரலைப் பிய்க்காத வரைக்கும் கத்த மாட்டேன்," என்றாள் டெல்பின்.

ஞாயிற்றுக்கிழமை. சாந்தோமில் இரண்டாம் பூசை முடிந்து தெருவில் ஸ்கூட்டர்கள் திரும்பிக்கொண்டிருந்தன. அவர்கள் வீட்டுக் கூடத்தில் சோபா சுவரோரம் ஒதுங்கியிருந்தது. நடுவில் காற்றடைத்த பிரசவத் தொட்டி உட்கார்ந்திருந்தது. கீசர் ஒரு தடவைக்கு இரண்டு வாளிதான் தரும் என்பதால், முதலில் ஊற்றிய தண்ணீர் ஆறிப்போகாமலிருக்க மூடி வேண்டும் என்று ரொனால்ட் அதற்கு ஒரு தெர்மகோல் மூடிகூட வெட்டி வைத்திருந்தான். குழந்தை இங்கேதான், இந்த வெதுவெதுப்பான தண்ணீருக்குள் பிறக்கும். கூடப் பணிபுரியும் தீபிகாவுக்கு, டாக்டர் வெளியூர் போகிறார் என்பதற்காக வெள்ளிக்கிழமைக்குள் வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். அவள் அழுததைக் கேட்ட நாளிலிருந்தே டெல்பினுக்கு இந்த ஆசை.

அதற்கு ஒப்புக்கொண்டவள் மர்சலின் அக்கா. பிரசவ வார்டில் நர்ஸாக இருந்து, இப்போது வீட்டுப் பிரசவங்களுக்கு வரும் மருத்துவச்சி. முதல் நாளே நிபந்தனையைச் சொல்லிவிட்டாள்: "பிரஷர் மேல நூத்தி நாப்பது, கீழ தொண்ணூறு. ரெண்டுல ஒண்ணு எட்டிப் பார்த்தாலும் அந்தத் தொட்டியில துணி ஊற வச்சுக்கோங்க. பிரசவம் ஆஸ்பத்திரியில." பக்கத்து ஆஸ்பத்திரியில் பெயரும் பதிய வைத்தாள். இன்று மாலை கடைசிச் சோதனைக்கு வருகிறாள். அதற்குள் மோதிரத்தைக் கழற்றி வைக்கச் சொல்லியிருந்தாள்.

எண்ணெய் தடவியும் கல்யாண மோதிரம் அசையவில்லை. அதனால்தான் நூல். நூலின் ஒரு நுனியை மோதிரத்துக்கு அடியில் நுழைத்துவிட வேண்டும். மீதி நூலை மோதிரத்தை ஒட்டி, இடைவெளி விடாமல், விரல் மூட்டைத் தாண்டும் வரை இறுக்கிச் சுற்ற வேண்டும். சுற்றிய இடத்தில் சதை அமுங்கி விரல் மெலியும். பிறகு அடியில் நுழைத்த நுனியைப் பிடித்துப் பிரித்தால், பிரியும் ஒவ்வொரு சுற்றும் மோதிரத்தை ஒரு படி மேலே தள்ளும். திருகாணி நகர்வது மாதிரிதான். டெல்பின் இதைப் பள்ளியில் விளக்கியிருக்கிறாள். அவள் பிளஸ் டூவுக்கு இயற்பியல் டீச்சர்.

ரொனால்ட் சுற்றினான். நூல் சதைக்குள் புதைந்தது. இரண்டு சுற்று பிரிந்ததும் மோதிரம் நின்றுவிட்டது. இழுத்தான். நூல் அறுந்தது.

"போன வாரம் சோப்புப் போட்டுத் தேய்க்கிறப்ப தானா சுத்திக்கினு இருந்துச்சே," என்றான்.

"வெயில் காலம். எல்லாருக்கும் ஊதும்."

"எனக்கு ஊதலையே."

அவன் வேறு நூல் எடுக்க உள்ளே போனான். டெல்பின் தன் புறங்கையைக் கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி நின்றது. மெதுவாக, மனமில்லாததுபோல, நிரம்பியது. நேற்று முதல் நெற்றிக்குள் ஒரு வலி இருந்தது. விடைத்தாள் திருத்தியதால் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"காலையில பிரஷர் எவ்ளோ?" உள்ளிருந்து குரல் வந்தது.

"நூத்தி முப்பத்தி ரெண்டு, எண்பத்தி நாலு. அக்காவுக்கு அனுப்பிட்டேன்."

பொய் இல்லை. பிரஷர் பார்க்கும் கருவி அதைத்தான் காட்டியது. ஆனால் அது எப்படிக் காட்டியது என்பது அவளுக்குத் தெரியும்.

கைப்பட்டையைச் சுற்றிப் பொத்தானை அமுக்கினால் அது காற்றடைத்து ரத்த ஓட்டத்தை நிறுத்தும். பிறகு காற்றை விட்டபடியே, ரத்தம் மறுபடி இடிக்கத் தொடங்கும் அதிர்வைப் பிடித்து எண்ணாக்கும். கை நெஞ்சின் மட்டத்தில் இருந்தால்தான் அந்த எண் சரி. கை மேலே போனால், நெஞ்சுக்கும் கைக்கும் நடுவிலுள்ள உயரத்துக்கு ஏற்ப அழுத்தம் குறைந்து தெரியும். ஓட்டை போட்ட வாளியில் மேல் ஓட்டையிலிருந்து தண்ணீர் சோர்ந்து விழுவதும், அடி ஓட்டையிலிருந்து சீறுவதும் அதே கணக்குத்தான்.

இந்த வாரம் ஒரு நாள் உட்கார்ந்து எடுத்தபோது எண் எல்லையைத் தொட்டது. படபடப்பால்தான் என்று நினைத்துப் படுத்தாள். கர்ப்பிணிகள் இடது பக்கம் சாய்ந்துதானே படுக்க வேண்டும்? சாய்ந்தபடியே, மேலே இருந்த வலது கையில் எடுத்தாள். எண் இறங்கியது. மறுநாளிலிருந்து படுத்தே எடுத்தாள். பெண்டுலப் பரிசோதனையில் பாடப்புத்தக விடை வரும்வரை அளவைத் திருத்தும் பிள்ளைகளை, "பெண்டுலம் பொய் சொல்லாது, நீதான் சொல்ற" என்று எழுப்பி நிறுத்துகிறவள் அவள்.

"ரொனால்ட், அந்த மிஷினை மேசைக்கு எடுத்துட்டு வா."

"காலையிலதானே எடுத்தே?"

"எடுத்துட்டு வாயேன்."

நாற்காலியில் முதுகைச் சாய்த்தாள். பாதங்களைத் தரையில் பதித்தாள். கையை மேசைமேல், நெஞ்சு மட்டத்தில் வைத்தாள். பேசாமல் காத்திருந்தாள். பட்டை இறுகியது. வயிற்றுக்குள் குழந்தை ஒருமுறை புரண்டது.

நூற்று ஐம்பத்து நான்கு. தொண்ணூற்று எட்டு.

"தப்பா கீது. மறுபடி போடு," என்றான் ரொனால்ட்.

சிறிது நேரம் ஓய்ந்திருந்து மறுபடி எடுத்தாள். எண்கள் இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தன. அவன் தொட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"இத்தினி நாளா எப்படி எடுத்தே நீ?"

அவள் போனில் மர்சலினை அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டாள். எண்களைச் சொன்னாள். பிறகு, "அக்கா, நான் அனுப்பினதெல்லாம் ஒருக்களிச்சுப் படுத்து, மேல இருக்கிற கையில எடுத்தது. குறையும்னு தெரிஞ்சேதான் எடுத்தேன்," என்றாள்.

மறுமுனையில் ஒரு மூச்சு கேட்டது. "திட்டுறதை அப்புறம் வச்சிக்கிறேன். தலை வலிக்குதா?"

"நேத்துலேர்ந்து."

"கண்ணு முன்னாடி மின்னுதா? மேல் வயித்துல, விலாவுக்குக் கீழ வலி?"

"மின்னலை. வலி... இருக்கு. எரிச்சல்னு நெனச்சேன்."

"அது எரிச்சல் இல்லம்மா, பிரஷர் பண்ற வேலை. ரொனால்ட், கேட்டுக்கினு இருக்கியா? இப்பவே கிளம்பு. பையைத் தேடிக்கினு நிக்காதே. நான் ஆஸ்பத்திரிக்குச் சொல்லிட்டு அங்கயே வந்துடறேன். வழியில பார்வை மங்கினாலோ கை கால் வெட்டி இழுத்தாலோ உடனே எனக்குச் சொல்லு."

"பாப்பாவுக்கு?" என்றாள் டெல்பின்.

"அசையுதா?"

"இப்ப அசைஞ்சுது."

"அப்ப நேரம் இருக்கு. பேசி அதை வீணாக்காதே."

காரில் ரொனால்ட் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. பூசைக்கு வந்த கூட்டம் இன்னும் சாலையோரம் கலையாமல் நின்றது. முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ வழிவிடாமல் ஊர்ந்தது. டெல்பின் வயிற்றில் கையை வைத்து அடுத்த அசைவுக்காகக் காத்திருந்தாள். அது வர நேரமானது. வந்தபோதுதான் மூச்சு விட்டாள்.

"நான் கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?" என்றான் அவன்.

"மாட்டேன்," என்றாள். "சொன்னா தொட்டியைச் சுருட்டிடுவியோன்னு பயம்."

அவசரப் பிரிவில் இளம் நர்ஸ் ஒருத்தி பட்டையை எடுத்தாள். டெல்பினின் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டாள்.

"ஓடி வந்திருக்கீங்க, அதான் படபடன்னு இருக்கும். கொஞ்சம் இடது பக்கமா படுத்துக்குங்க மேடம், அப்படியே எடுத்துடலாம். கம்மியா வரும்."

பச்சைத் திரைக்கு வெளியே மர்சலின் டாக்டரிடம் பேசும் குரல் கேட்டது. டெல்பின் நாற்காலியை விட்டு எழவில்லை. மோதிரம் புதைந்த கையை மேசைமேல் நீட்டினாள்.

"அப்புறம் படுத்துக்கறேன் சிஸ்டர். முதல்ல இப்படியே எடுங்க. என்ன வருதோ அதை எழுதுங்க."