முப்பதாவது வாய்

தஞ்சாவூரில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் உட்கார்ந்து முப்பத்தொரு வருஷம் 'இல்லை' சொன்னவன் நான். மேட்டூரில் திறந்து கடைமடைக்கு வந்து சேரும் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக எண்ணினால்கூட, நான் சொன்ன 'இல்லை'களை எட்டாது. அதிலும் பல் கிளெய்ம் என்றால் கை தன்னால் முத்திரை குத்தும். பல்லைப் பிடுங்கினால் பணம் உண்டு. பிடுங்காமல் காப்பாற்றினால் கிடையாது. இந்த விதியை எழுதியவன் வாயில் ஒரு பல்கூட இருந்திருக்காது என்று நினைத்துக்கொள்வேன், குத்திவிட்டு.

ஓய்வு பெற்று அதிராம்பட்டினம் திரும்பியதும், செய்த பாவத்தைக் கழுவ ஒரு வேலை வாய்த்தது. எங்கள் தெருப் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சங்கம் பிள்ளைகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு மருத்துவ இன்சூரன்ஸ் எடுத்தது. எழுத்து வேலை என்னிடம் வந்தது. நான் அதில் ஒரு வரியை நுழைத்தேன்: ஆறு வயது முதல் பன்னிரண்டு வரையுள்ள பிள்ளைகளுக்கு, வலி இல்லாவிட்டாலும், வருஷம் ஒருமுறை பல் பார்த்து, சுத்தம் செய்து, கடைவாய்ப் பல்லின் பள்ளங்களுக்குப் பூச்சுப் போடும் செலவும் சேரும்.

அந்த ஒரு வரிக்காகக் கம்பெனிக்கு நான் போட்ட கடிதங்களை அடுக்கினால் பெரிய கோயில் விமானத்தைத் தாண்டும். கடைசியில் சம்மதித்தார்கள், ஒரு கொக்கி வைத்து. மார்ச் முப்பத்தொன்று மாலை ஆறு மணிக்குள் முப்பது பிள்ளைகளாவது இதைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். குறைந்தால் அடுத்த வருஷம் அந்த வரி போய்விடும்.

எதிர்வீட்டு ஹமீதா பானுவுக்கு அந்த வரி உயிர். அவள் கணவர் சவூதியில், தம்மாமில் இருக்கிறார். ஊருக்கு வருகிறவர் கையில் எல்லாம் மகளுக்கு மிட்டாய்ப் பெட்டி கொடுத்தனுப்புவார். மகள் கமருன்னிஸாவுக்கு ஏழு வயது. அதற்குள் இரண்டு பால்பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. அப்போது கன்னம் வீங்கி, பிள்ளை மூன்று நாள் கஞ்சித் தண்ணீர்கூட இறங்காமல் கிடந்தது. இப்போது புதுக் கடைவாய்ப் பல் முளைத்திருந்தது. தஞ்சாவூர்ப் பல் டாக்டர் சௌந்தரநாயகி பார்த்துவிட்டு, "பள்ளம் ரொம்ப ஆழம். சொத்தை விழறதுக்கு முன்னால மூடிடணும். இது போச்சுன்னா அடுத்த பல் கிடையாதும்மா" என்று சொல்லியிருந்தார். அன்றிலிருந்து ஹமீதா தம்மாமுக்குப் போனில் இட்ட கட்டளை: மிட்டாய் அனுப்பினால் நீங்களும் வரவேண்டாம்.

டாக்டரின் நடமாடும் பல் வண்டி எங்களுக்குக் கிடைத்தது மார்ச் முப்பத்தொன்றாம் தேதி. நாற்காலி, கம்ப்ரசர், குழாய்கள், நீல விளக்கு எல்லாம் அந்த வெள்ளை வண்டிக்குள்ளேயே. காலை ஒன்பதுக்கு வரவேண்டியது. பத்தாயிற்று, வரவில்லை. டாக்டரிடமிருந்து போன்தான் வந்தது.

"சார், ஒரத்தநாடு தாண்டி உளுந்து வயலுக்கு நடுவுல நிக்கிறோம். டிராக்டரைக் குறுக்கே போட்டுட்டாங்க. சாவியையும் வாங்கிட்டாங்க."

எரிவாயுக் கிணறு வேண்டாம் என்று டெல்டாவே கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. ஊருக்கு ஊர் பந்தல். நான் காரை எடுத்தேன். கேட்காமலே ஹமீதா மகளோடு பின்சீட்டில் ஏறிவிட்டாள்.

"நீங்க போய்க் கெஞ்சினா ஆவாது காக்கா. ரெண்டு வார்த்தை நானும் பேசணும்." காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன்; பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் நான் காக்காதான்.

பந்தலில் பத்தாயிரம் பேர். சரி, நூறு பேர். இரண்டு கழகத்துக் கொடியும் ஒரே மூங்கிலில் பறந்ததை என் வாழ்நாளில் அங்கேதான் பார்த்தேன். நடுவில் போராட்டக் குழுத் தலைவர் ரெத்தினம், வாய் நிறைய வெற்றிலை.

"வாங்க பாய், உக்காருங்க" என்றார். "போன மாசம் இதே மாதிரி ஒரு வெள்ளை வண்டி. மண் பரிசோதனைன்னாங்க. மோரு குடுத்து அனுப்பினோம். மறுநாள் பார்த்தா கெணத்துக்கு அளந்து என் வயல்ல கல்லு ஊணியிருக்கு. இன்னிக்குப் பல் பரிசோதனைங்கறாங்க. உள்ள எட்டிப் பார்த்தேன். மோட்டாரு, குழாயி, ஊசி ஊசியா இரும்பு. இவ்வளவும் ஒரு புள்ள வாய்க்குள்ளயா போவுது?"

நான் பாலிசியைக் காட்டினேன். அந்த வரியை ரெத்தினம் விரல் வைத்து இரண்டு முறை படித்தார்.

"வலி இல்லாவிட்டாலுமா? வலி இல்லாதவனுக்கு எதுக்கு பாய் வைத்தியம்? இங்கதான் இடிக்குது."

முப்பத்தொரு வருஷம் நானே கேட்ட கேள்வி அல்லவா!

ஹமீதா முன்னால் வந்தாள். "அண்ணே, உங்க வயல்ல கெணறு தோண்டிட்டாங்களா?"

"தோண்ட விட்டுருவமா?"

"தோண்டவே இல்ல, எரியவும் இல்ல. அப்புறம் எதுக்குப் பந்தல் போட்டு உக்காந்திருக்கீங்க? தோண்டினப்புறம் வந்து அழ வேண்டியதுதானே?"

பெண்கள் பக்கம் ஒரு சிரிப்புக் கிளம்பியது பாருங்கள், கோடியக்கரையில் பறவைகள் எழும்பியிருக்கும். "தலைவரே, தங்கச்சி நறுக்குன்னு கேட்டுருச்சு, பதில் சொல்லுங்க!" என்று ஒருத்தி கத்தினாள்.

ரெத்தினமும் சிரித்துவிட்டார். ஆனால் சாவியைத் தரவில்லை.

"நம்புறேன் தங்கச்சி. ஆனா இது ஊர் கூடி எடுத்த முடிவு. தாசில்தார் வந்து எழுதிக் குடுக்காம எந்த வண்டியும் இங்கேருந்து நகராது. அவரு சாயங்காலம்தான் வருவாராம். எனக்காகவும் மாத்த முடியாது." கொஞ்சம் யோசித்தார். "வண்டி நகரக்கூடாதுன்னுதான் முடிவு. புள்ளைங்க வரக்கூடாதுன்னு யாரும் முடிவு எடுக்கலையே."

அந்த மனிதர் மட்டும் என் ஆபீசில் வேலை பார்த்திருந்தால் தமிழ்நாட்டில் ஒரு கிளெய்மும் தள்ளுபடி ஆகியிருக்காது.

பள்ளிக்குப் போன் போட்டேன். பன்னிரண்டு மணிக்குப் பஸ் வந்து நின்றது. மைக்செட் ஜெனரேட்டரிலிருந்து வண்டிக்கு மின்சாரம் இழுத்தார்கள். அதற்கப்புறம் அந்த மைக்கில் கேட்டதை எந்தப் போராட்டத்திலும் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

"விடமாட்டோம், விடமாட்டோம்! விளைநிலத்தை விடமாட்டோம்! அடுத்து, இரண்டாம் வகுப்பு ஜெக்கரியா, வண்டிக்கு வரவும்!"

பூச்சுப் போட்டு இறங்கிய முதல் பிள்ளைகளைப் பார்த்ததும் ஊர்ப் பெண்களுக்கு மனசு கேட்கவில்லை. விருந்தாளி வீட்டுப் பிள்ளைகளாயிற்றே! ஒரு அண்டா நிறைய வெல்லப் பானகம் கரைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். டாக்டர் வண்டியிலிருந்து குதித்து ஓடி மைக்கைப் பிடுங்கினார்.

"அம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும், அரை மணி நேரம் புள்ளைங்க வாயில எதையும் ஊத்தாதீங்க!"

பானகத்தைப் போராட்டக் குழுவே குடித்துத் தீர்த்தது. நான் நாலு டம்ளர்.

ஐந்து இருபதுக்கு இருபத்தொன்பது பிள்ளைகள் முடிந்திருந்தார்கள். பஸ்ஸில் வந்தவர்கள் அவ்வளவுதான்; முப்பதாவது பெயர் கமருன்னிஸா. ஆளைக் காணோம். தேடினால், டிராக்டர் டிரெய்லருக்கு அடியில் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பல் பிடுங்கிய ஞாபகம் அவளுக்கு. ஹமீதா கெஞ்சினாள், மிரட்டினாள், கடைசியில் அழுதே விட்டாள். "எம்புள்ளைக்காகவே இந்த அலைச்சல் காக்கா. இவளாலயே எல்லாப் புள்ளைக்கும் அந்த வரி போயிரும் போலிருக்கே."

ரெத்தினம் வெற்றிலையைத் துப்பிவிட்டு, வாய் கொப்பளித்து, டிரெய்லருக்குப் பக்கத்தில் குந்தினார்.

"பாப்பா, எனக்கும் பயமாத்தான் இருக்கு. மொதல்ல நான் ஏறுறேன். நீ பக்கத்துல நின்னு பாத்துக்க. அவங்க பிடுங்கினா நீ ஓடிடு. நானும் ஓடியாந்துர்றேன்."

ஏறினார். மூன்று முறை சிறைக்குப் போன மனிதர், அந்த நாற்காலியில் சாய்ந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கமருன்னிஸா எட்டி அவர் வாய்க்குள் பார்த்தாள்.

"மாமா! பல்லெல்லாம் துருப்பிடிச்சிருக்கு!"

பாலிசி, கட்டணம் எதுவும் பேசாமல் டாக்டர் சுத்தம் செய்யும் கருவியை வைத்தார். அது 'ஙொய்ங்' என்றதும் ரெத்தினத்தின் கால் இரண்டும் அந்தரத்தில் எழும்பின. கமருன்னிஸா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயப்படாதீங்க மாமா, வலிக்காது" என்றாள். சொன்னதைத் தன் காதாலேயே கேட்டுவிட்டாள் போலிருக்கிறது. அவர் இறங்கியதும் தானாகவே ஏறிச் சாய்ந்தாள். பூச்சை இறுக வைக்கும் நீல விளக்கு அவள் வாய்க்குள் எரிந்தபோது ரெத்தினம் வெளியே நின்று மைக்கில் விநாடி எண்ணினார். பந்தலும் சேர்ந்து எண்ணியது.

ஐந்து ஐம்பத்துநாலுக்கு முப்பதாவது பிள்ளையின் இன்சூரன்ஸ் அட்டை எண் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது. தாசில்தார் ஏழு மணிக்கு வந்து எழுதிக் கொடுத்து வண்டியை மீட்டார். அவர் பல்லையும் பார்க்கச் சொன்னோம், மாட்டேன் என்றுவிட்டார்.

பின்னால் கம்பெனியிலிருந்து ஒரு கேள்வி வந்தது: சான்றுக்கு அனுப்பிய படத்தில் கறுப்புக் கொடியும் டிராக்டரும் இருப்பது ஏன்? நடந்தது நடந்தபடி எழுதினேன். இரண்டு இடத்தில் மட்டும் கொஞ்சம் கூட்டினேன், பந்தலில் பத்தாயிரம் பேர் என்பது ஒன்று. வரி நிலைத்தது. இன்றுவரை இருக்கிறது. வண்டியைப் பிடித்து வைத்த அந்த ஊருக்குத்தான் நாங்கள் நன்றி சொல்ல வேண்டும். வண்டி ஒழுங்காக எங்கள் ஊருக்கே வந்திருந்தால் கமருன்னிஸா வீட்டுக் கட்டிலுக்கடியில் ஒளிந்திருப்பாள். அவளுக்கு முன்னால் ஏறிக் காட்ட ஒரு ரெத்தினத்துக்கு நான் எங்கே போவேன்?

பொங்கலுக்குப் பொங்கல் ரெத்தினம் எங்கள் தெருவுக்கு ஒரு கட்டுக் கரும்பு அனுப்புகிறார். இந்த வருஷமும் வந்தது. கமருன்னிஸாவுக்கு இப்போது பதினாலு வயது. கணுவோடு ஒரு துண்டைக் கடைவாயில் கொடுத்து 'மடக்' என்று கடித்தாள். தெருவே திரும்பிப் பார்த்தது. நல்ல சாறுள்ள துண்டாகப் பார்த்து நசுக்கி, டம்ளரில் பிழிந்து, கரும்பு கடிக்கப் பல் இல்லாத என்னிடம் நீட்டினாள்.

"குடிங்க காக்கா. உங்க காலத்துல இந்த வரி இல்லல்ல."

குடித்தேன். அப்படி ஓர் இனிப்பு.