மூக்குத்தி என்றால் அம்மா

கல்கத்தாவில் எனக்குப் பேச்சுத்துணை என்று வாய்த்தது காது கேளாத என் பெண் பாகீரதி ஒருத்திதான். இவர் அலிப்பூர் ஆபீஸுக்குப் போய்விடுவார். அக்கம்பக்கமெல்லாம் வங்காளி, எனக்கு ஓர் அட்சரம் தெரியாது. நானும் அவளும் ஓயாமல் கையால் பேசுவோம். நெற்றியில் மூன்று விரலை இழுத்தால் அப்பா. காற்றில் மத்து கடைந்தால் மோர். மூக்கின் ஓரத்தில் ஒரு விரல் வைத்தால் அது நான், என் மூக்குத்தி. கீழ்வீட்டுக்காரி என்றால் கன்னத்தை உப்பிக் காட்டுவாள், போக்கிரி!

ஏழு வயதில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில் சேர்த்தோம். சேர்த்த அன்று நானும் போனேன். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், அத்தனை கைகளும் தொடைக்கு அடியில். வாத்தியாரின் உதட்டைப் பார்த்து வங்காளியில் திருப்பிச் சொல்ல வேண்டுமாம். கையை எடுத்த பிள்ளைக்கு விரலில் அடி விழுந்தது.

வெளியே வந்ததும் இவரைக் கேட்டேன்.

"ஏன்னா, கை என்ன பாவம் பண்ணித்து?"

"கையால பேசினா வாய்ப்பேச்சு வரவே வராதாம். ஆத்துலயும் நிறுத்தச் சொல்றார் வாத்தியார். படிச்சவா சொல்றா, நோக்கென்ன தெரியும்?"

"அவ வங்காளியில பேசினா நேக்கு என்ன புரியும்?"

"நீயும் கத்துக்கோயேன்."

நன்றாயிருக்கிறது நியாயம்! இவர் தலை மறைந்ததும் நாங்கள் பழையபடி பேசிக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் நாளாக ஆக அவள் என் கையைப் பார்ப்பது குறைந்துகொண்டே வந்தது.

பூஜை விடுமுறைக்கு முன்னால் ஒருநாள், பள்ளியிலிருந்து வந்தவள் வாயைத் திறந்து "மா" என்றாள். வங்காளியில் அம்மாவுக்கு அதுதானாம். கரகரத்த குரல். இவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் உடம்பெல்லாம் சிலிர்த்தது, இல்லை என்பேனா? இவர் ஓட்டமாகப் போய் அக்கம்பக்கத்தாரிடமெல்லாம் சொன்னார்.

நான் அவளைச் சமையலறைக்கு அழைத்துப் போய் உட்காரவைத்து, மோர் வேண்டுமா என்று கையால் கடைந்து காட்டினேன். பளீரென்று என் விரலில் ஓர் அடி. அவள் முகத்தில் கோபமே இல்லை. என் கைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து என் தொடைக்கு அடியில் செருகிவிட்டு, எதிரே உட்கார்ந்து என் உதட்டையே பார்த்தாள்.

"மோர்" என்றேன். புரியவில்லை. "மோர்டி, மோர்" என்றேன் மறுபடியும். அவள் பொறுமையாகக் காத்திருந்தாள், வாத்தியாரைப் போல.

மூக்குத்தியைத் தொட்டு, நான்தான்டி என்று சொல்லத் துடித்தேன். கையை எடுக்கவில்லை. எடுத்தால் அடிப்பாளோ என்று பயமாக இருந்தது.