அணைத்த பிறகு ஏறிய முள்

இப்போதெல்லாம் யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. வாயைத் திறந்ததுமே தலையை ஆட்டிவிடுகிறார்கள். பாதிப் பேச்சு வெளியே வருவதற்குள் மீதியைத் தாங்களே முடிவு கட்டிக்கொள்கிறார்கள். மருமகனின் பழைய காருக்குக் கேடு வந்ததும் அப்படித்தான் என்பது கிழவரின் கட்சி.

மேட்டில் வண்டி திணறியது. மருமகன் பட்டறைக்குப் போன் போட்டு, "மேட்டுல இழுக்கல" என்றான். என்ஜினுக்குத் தெம்பு போதவில்லை என்று அவன் சொன்னான். பம்ப் பெட்ரோலை இழுக்கவில்லை என்று பட்டறைக்காரர் எடுத்துக்கொண்டார். வண்டி வந்து நின்றதும் நல்ல பம்ப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பெரிய வண்டியின் பம்ப் ஒன்றை மாட்டி அனுப்பிவிட்டார். அன்று தொடங்கியது பெட்ரோல் நாற்றம்.

இன்றைக்கு அந்தக் காரில்தான் மகளும் கைக்குழந்தையும் மலை தாண்டித் தங்கள் வீட்டுக்குப் போகவேண்டும். வழியனுப்ப வந்த கிழவர் நாற்றத்தை மோந்ததும், வண்டியை நேரே பட்டறைக்கு விடச் சொல்லி, கூடவே ஏறிக்கொண்டார்.

பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்பரேட்டருக்குப் போகும் குழாயை நடுவில் பிரித்து, பிரஷர் மீட்டரை மாட்டினார் பட்டறைக்காரர். என்ஜின் ஓடியது. மூன்றில் நிற்கவேண்டிய முள் ஏழில் நின்றது.

"அடேயப்பா, இந்தத் தள்ளு தள்ளுதா!" என்றார் அவர். "கார்பரேட்டருக்குள்ள ஒரு மிதவை இருக்கு சார். பெட்ரோல் நெறஞ்சா வழிய அடைக்கும். இந்த வேகத்துல வந்தா அது எங்க அடைக்கிறது? மீறிக்கிட்டு வெளிய வழியுது."

"வழிஞ்சு எங்க போவுது?" என்றார் கிழவர்.

அவரே குனிந்து பார்த்தார். கார்பரேட்டருக்கு நேர் கீழே கொதிக்கும் புகைக்குழாய்.

"எனக்குப் பிரஷர்னதும் சோத்துல உப்பக் கொறச்சீங்க. இதுக்கு எதக் கொறைக்கப் போறீங்க?"

பம்ப்புக்கும் என்ஜினுக்கும் நடுவே கனமான பேக்கிங் அட்டை ஒன்றை வைத்தார் பட்டறைக்காரர். இனி பம்ப்பின் கை அவ்வளவு அமுங்காது, தள்ளுவதும் குறையும் என்றார். மறுபடி ஓடவிட்டார்கள். முள் மூன்றில் வந்து ஆணி அடித்ததுபோல் நின்றது.

"பாத்தீங்களா மாமா?" மருமகன் சிரித்துக்கொண்டே என்ஜினை அணைத்தான். மகள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பின்சீட்டில் காத்திருந்தாள்.

கிழவர் மட்டும் மீட்டரை விட்டு நகரவில்லை. என்ஜின் மூச்சில்லாமல் கிடந்தது. பம்ப் அசையவில்லை. ஆனால் முள் மெல்ல நகர்ந்தது. மூன்றரை. நாலு. உள்ளே எவனோ உட்கார்ந்து முட்டுக்கொடுத்துத் தள்ளுவதுபோல் ஐந்தைத் தொட்டது.

"யோவ், இங்க வா. அணைச்ச வண்டியில எவன் பம்ப் அடிக்கிறான்?"

"அது சூடு பெரியவரே. குழாய்ல அடைபட்ட பெட்ரோல் சூட்டுல பெருகுது. தணிஞ்சா தானா இறங்கிடும்."

"பெரிய பம்ப்ப மாட்டினப்பவும் இப்படித்தான தலைய ஆட்டியிருப்ப?"

பட்டறைக்காரர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அப்போது வண்டிக்கு அடியில் 'சுர்' என்று ஒரு சத்தம். சுட்ட தகரத்தில் ஒற்றைத் துளி விழுந்த மாதிரி. மற்றவர்கள் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

"மாப்பிள்ளை, மலையில நடுவழியில நிறுத்த வேண்டி வந்தா?"

"நிறுத்த மாட்டேன் மாமா."

"அதுவா நின்னுட்டா?"

"உங்களுக்கு எது மேலதான் நம்பிக்கை இருக்கு?"

கிழவர் கதவைத் திறந்து, மகளின் மடியிலிருந்து குழந்தையைத் தூக்கினார்.

"அப்பா! என்ன பண்றீங்க?"

"புள்ளைய பஸ்ல கூட்டிட்டு வரேன். நீ எதுல வேணா வா."

"பால் குடிக்கிற புள்ளப்பா அது!"

"அப்ப நீயும் பஸ்லதான் வந்தாகணும். மாப்பிள்ளை, வண்டி கெடக்கட்டும், நீங்களும் வாங்க."

மருமகன் வாய்விட்டுச் சிரித்தான். "நான் முன்னாடி போய் உங்களுக்கு வீட்டுக் கதவு தொறக்கிறேன் மாமா!"

மகள் திட்டிக்கொண்டே பையை இழுத்தபடி பின்னால் ஓடிவந்தாள். அதற்குள் பட்டறைக்காரரின் குரல் துரத்தியது.

"பெரியவரே! முள்ளு இறங்கிடுச்சு! வந்து பாருங்க!"

"நாலு பேரு பாத்தா இறங்கத்தான் செய்யும்" என்று முணுமுணுத்தார் கிழவர். குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் நிற்கும் பக்கம் நடந்தார்.