குளியலறைத் தாழ்ப்பாள்

ஜானகியம்மாள் குளிக்கப் போய்த் தூங்கிவிட்டாள். எல்லா வினையும் அதிலிருந்துதான். வெந்நீரை மேலுக்கு ஊற்றிக்கொண்டு, முக்காலியில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து சுகமாகக் கண்ணை மூடிவிட்டாள். காதும் மந்தம். வெளியே நாங்கள் கதவைத் தட்டுகிறோம், கத்துகிறோம், செபமாலைகூடச் சொல்ல ஆரம்பித்துவிட்டோம். கடைசியில் வாட்ச்மேன் சின்னப்பன் கடப்பாறையால் தாழ்ப்பாளைப் பெயர்த்துக் கதவைத் திறந்தால், மகராசி கண்ணை விழித்து, "காபி வந்துடுச்சா?" என்று கேட்கிறாள்.

எங்கள் முதியோர் இல்லம் கடத்தூருக்கு வெளியே, கன்னியாஸ்திரிகள் நடத்துவது. வெந்நீர் அடுப்பு ஒன்று, அதனால் குளியலறையும் ஒன்று. காலையில் ஆம்பிளைகள், அப்புறம் பொம்பளைகள். பொறுப்பு ராஜமேரி சிஸ்டருடையது. நர்சு படித்தவர், சின்ன வயசு. எங்களில் யாராவது தும்மினால் அவருக்குச் சோறு இறங்காது. பெயர்ந்த தாழ்ப்பாளைக் கையில் வைத்துக்கொண்டு, "இனிமே இது கெடையாது. உள்ள வுழுந்து கெடந்தா யாருக்குத் தெரியும்?" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பதிலாகக் கதவில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டார். ஒரு பக்கம் 'ஆள் இருக்கு', மறுபக்கம் 'ஆள் இல்லை'.

எங்களில் பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. எழுத்துத் தெரிந்தவர்களுக்குக் கண் தெரியாது. இரண்டும் தெரிந்தவள் நான் ஒருத்தி, மதலேனம்மாள். பொம்மிடி ஸ்டேஷனுக்கு எதிரில் இட்லிக் கடை போட்டு, குடித்துவிட்டு வந்து வம்பு பண்ணினவனையெல்லாம் கரண்டியைக் காட்டியே அடக்கியவள். நான் அட்டையைச் சரியாகத்தான் திருப்பிவிட்டுப் போனேன். காற்று அதை மறுபடி திருப்பிவிட்டது. தலை நிறையச் சீயக்காயோடு நிற்கிறேன், நேரம் காலம் தெரியாமல் ஆம்பிளைகள் பக்கத்து மாதுக் கிழவர் கதவைத் திறக்கிறார்.

"கிருஷ்ணப்பனா? நீ நிதானமா குளி, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

மாதுவுக்குக் கண்ணில் புரை, அது எனக்கும் தெரியும். ஆனாலும் கிருஷ்ணப்பனாம். அந்த ஆளுக்கு வழுக்கை, மீசை, தொப்பை மூன்றும் உண்டு. அன்றைக்கு அழுதேன். ஒற்றை அறையில் குடியிருந்த காலத்திலேயே ஓலைத் தட்டியை இழுத்துக் கட்டி, முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் குளித்தவள் நான்.

"தாழ்ப்பாள் வர்ற வரைக்கும் என் ஒடம்புல தண்ணி படாதுங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டேன்.

எண்பத்தாறாம் வருஷத்துச் சித்திரை வெயில். கேட்க வேண்டுமா? செபத்தில் சிஸ்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாப்பாட்டில் எதிரில் உட்கார்ந்தேன். அவர் ஜன்னலோரம் நகர்ந்தால் எனக்கும் காற்று வேண்டியிருந்தது. ஜானகியம்மாள் கட்டிலை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளால் வந்த வினைக்கு அவளே மூக்கைப் பொத்துகிறாள், என்ன அநியாயம் பாருங்கள்.

ஞாயிறு பூசை நெருங்கியதும் சிஸ்டர் இறங்கி வந்தார். "தாழ்ப்பாள் போடச் சொல்றேன் ஆயா. ஆனா ஒண்ணு. யாராச்சும் உள்ள வுழுந்தீங்கன்னு தெரிஞ்சா அன்னைக்கே கழட்டிடுவேன். அப்புறம் நீங்க குளிக்காட்டியும் சரி, நான் மூக்கைப் புடிச்சிக்கறேன்."

சின்னப்பன் புதுத் தாழ்ப்பாள் அடித்தான். முதல் குளியல் என்னுடையது. உள்ளே போய் அதை இழுத்துப் போட்டபோது வந்த சத்தம் காதுக்கு எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா. ஆசை தீர ஊற்றினேன். சோப்பையும் ஆசை தீரத் தேய்த்தேன். அங்கேதான் கெட்டது. கால் வழுக்கி, அப்படியே பின்பக்கமாக உட்கார்ந்தேன். சுவர் அதிர்ந்தது.

"ஆயா, என்னா சத்தம்?" வெளியே சிஸ்டர்.

இடுப்பில் உயிர் போகிறது. எழுந்திருக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. வாயைத் திறந்தால் தாழ்ப்பாள் போகும். எனக்கு மட்டுமா, அத்தனை பொம்பளைகளுக்கும் போகும்.

"ஒண்ணுமில்லீங்க சிஸ்டர். சொம்பு வுழுந்துடுச்சி."

"சொம்புக்கா இவ்ளோ சத்தம்?"

"பெரிய சொம்புங்க."

சத்தமில்லை. போய்விட்டார் என்று நினைத்து வாளியைப் பிடித்து எழப் பார்த்தேன். வாளிதான் என் மேல் கவிழ்ந்தது.

"ஆயா," குரல் இப்போது கதவுக்குக் கீழிருந்து வந்தது. சிஸ்டர் தரையில் உட்கார்ந்திருக்கிறார். "அந்தச் சொம்பு தானா எந்திரிக்குமா?"

கவிழ்ந்த வாளியை மெல்ல ஓரமாகத் தள்ளினேன்.

"அதுக்கு அடி கிடி பட்டிருக்கா?"

"இடுப்புலங்க" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"கழட்டிடுவேன்னு நான் சொன்னது தப்பு ஆயா. அப்படி மெரட்டினா வுழுந்ததை யாரு சொல்லுவீங்க? தாழ்ப்பாள் எங்கியும் போவாது. கை எட்டுனா நீக்குங்க."

உட்கார்ந்தபடியே நகர்ந்து போனேன். சின்னப்பன் சோம்பேறி, தானும் உட்கார்ந்தபடியே ஆணி அடித்திருக்கிறான் போல, தாழ்ப்பாள் கைக்கு எட்டியது. நீக்கினேன்.

கதவு நாலு விரல் அளவு திறந்தது. சிஸ்டர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, முதலில் துண்டை உள்ளே நீட்டினார். நான் அதைச் சுற்றிக்கொண்டு "வாங்க" என்று சொன்ன பிறகுதான் உள்ளே வந்தார்.