ஏழிலிருந்து எட்டு வரை ஆங்கிலம்

எந்தக் குடும்பத் தலைவரும் இதுவரை எடுக்கத் துணியாத வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவொன்றை, உதிரி பாகக் கம்பெனியின் ஸ்டோர்கீப்பர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தம் வீட்டுக் கூடத்தில் எழுந்து நின்று வெளியிட்டார். மறுநாள் முதல் மாலை ஏழு மணியிலிருந்து எட்டு மணி வரை அவ்வீட்டில் ஆங்கிலம் தவிர வேறெந்த மொழியும் ஒலிக்காது. இதைக் கேட்கும் பேறு பெற்றவர்கள் இருவர்: கல்லூரியில் கணக்கியல் படிக்கும் மகளும், துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியும்.

"நடுவுல பால் பொங்கினா?" என்றாள் மனைவி.

"இங்கிலீஷ்ல சொல்லு."

"நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள அடுப்பே அணைஞ்சிடும்ங்க."

காரணம் இல்லாமல் இல்லை. ஸ்டோருக்கு மேனேஜர் பதவி ஒன்று வரப்போகிறது, தலைமை ஆபீஸோடு ஆங்கிலத்தில் பேசத் தெரிந்தவருக்கே அது என்று காற்றுவாக்கில் செய்தி வந்திருந்தது. அவருக்கு ஆங்கிலம் அறவே தெரியாது என்று சொல்வது அநியாயம். பேரிங், வாஷர், காஸ்கெட், வால்வு என்று ரேக் ரேக்காகச் சொற்கள் வைத்திருந்தார். அவற்றை இடத்தைவிட்டு நகர்த்தத்தான் அவரிடம் வினைச்சொல் ஒன்றும் இல்லை.

ஊக்கத்துக்கும் குறைவில்லை. "தயக்கத்தைத் தூக்கிப் போடுங்கள், ஆங்கிலம் தானாக வரும்" என்று கோட் போட்ட ஒருவர் போனில் முழங்குவதை பஸ்ஸிலும், சாப்பாட்டு இடைவேளையிலும், வீட்டுக்கு வந்த பிறகும் காதில் மாட்டிக்கொண்டு கேட்டார். கோட்டுக்காரர் முழங்கியது முழுக்க முழுக்கத் தமிழில். கேட்கக் கேட்க ஸ்டோர்கீப்பருக்கு மயிர்க்கூச்செறியும். எல்லாம் கற்று முடித்துவிட்ட நிறைவோடு தூங்கிப்போவார்.

சட்டம் அமலுக்கு வந்தது. ஏழு அடித்ததும் வீட்டில் மயான அமைதி. மனைவி சைகையால் சாப்பிடக் கூப்பிட்டாள், அவர் சைகையால் தண்ணீர் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரி வந்து, "ஏதாவது பிரச்சினையா?" என்று விசாரித்துவிட்டுப் போனாள். போகப் போக மனைவிக்கு அந்த நேரம் பிடித்துப்போயிற்று. கல்யாணமான நாளிலிருந்து ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் யாரும் அவளை எதுவும் ஏவாமல் இருந்ததில்லை.

"ஒம்பது வரைக்கும் நீட்டிக்கலாமே" என்று யோசனை சொன்னாள், எட்டு மணிக்கு மேல்.

உண்மையில் அவருக்கே சலிப்புத் தட்டிவிட்டது. ஆனால் எழுந்து நின்று அறிவித்ததை எப்படி உட்கார்ந்துகொண்டு வாபஸ் வாங்குவது?

அப்படி ஒரு மாலையில் மகள் எதிரே வந்து உட்கார்ந்து ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினாள். தடங்கல் இல்லாமல், குரல் மட்டும் லேசாக நடுங்க, பேசிக்கொண்டே போனாள். தெரிந்த சொல் ஏதாவது வெளியே வந்தால் பிடித்துக்கொள்ளலாமென்று அவர் அவள் முகத்தையே பார்த்தார். "காலேஜ்" வந்தது. "மண்டே" வந்தது. மற்றவையெல்லாம் நிறுத்தத்தில் நிற்காத பஸ்போலப் போய்விட்டன. அவள் பேசி முடித்து, பதிலுக்குக் காத்திருந்தாள்.

புரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். சட்டம் போட்டவரே அதை எப்படிச் சொல்வது? தலையை நிதானமாக ஆட்டி, "வெரி குட்" என்றார். அது போதாது என்று பட்டதால், "வெரி வெரி குட்" என்றும் சேர்த்தார்.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். என்ன உச்சரிப்பு என்று அவர் பூரித்துப்போனார்.

எட்டு அடித்ததும் மனைவி வந்தாள். "ஏங்க, உங்களுக்குப் புத்தி கித்தி பிசகிப்போச்சா? படிப்ப விட்டுட்டு வெளியூருக்கு வேலைக்குப் போறேன்னு அவ சொல்றா, நீங்க வெரி குட்டுன்னீங்களாமே."

"எல்லாம் யோசிச்சுத்தான் சொன்னேன்" என்றார்.

"என்னத்த யோசிச்சீங்க?"

அதற்கு எந்த மொழியிலும் பதில் இல்லாததால் மகளின் அறைக்குப் போனார். அவள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"தேங்க்ஸ்பா. திட்டுவீங்கன்னு நெனச்சேன்."

"அது சரிம்மா. அந்த வேலை விஷயம்... இன்னொரு தடவ சொல்லேன்."

"எதப்பா?"

"எல்லாத்தையுந்தான்."

மடித்த துணி அவள் கையிலேயே நின்றது. அவள் அவரைப் பார்த்தாள், அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"தமிழ்லயாப்பா?" என்றாள் மெதுவாக. கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"ம்."

சொன்னாள். கணக்கியல் மண்டையில் ஏறவில்லை, எழுதிய பரீட்சைகளில் பாதி ஊற்றிக்கொண்டது. மூக்குக்கண்ணாடிக் கடையொன்றில் லென்ஸ் தேய்க்கும் வேலை கிடைத்திருக்கிறது, திங்கட்கிழமை சேர வேண்டும்.

"இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சொல்லத்தான்பா வந்தேன். எப்ப வந்தாலும் உங்க காதுல அந்தக் கோட்டுக்காரர் இருந்தார். இரு, இது முடியட்டும்னீங்க. இங்கிலீஷ்ல சொன்னாவாவது கேப்பீங்கன்னு தனியா நின்னு பேசிப் பாத்துட்டு வந்தேன்." சற்று நிறுத்தினாள். "நீங்களும் கேட்டீங்க. நான் முடிக்கற வரைக்கும் என் மூஞ்சியவே பாத்துட்டிருந்தீங்க. நீங்க அப்படிப் பாத்து எவ்வளவு நாளாச்சு."

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். காது மடல்கள் சுட்டன.

"இப்பத் தமிழ்லயே கேக்கறேன். போகட்டுமாப்பா?"

வேண்டாம் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் இருந்திருப்பாள். பெட்டியை மூடாமல் அவள் நின்ற நிலையிலேயே அது தெரிந்தது. ஆனால் புரியாதபோது தலையாட்டிவிட்டு, புரிந்த பிறகு எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு மறுப்பது?

"போயிட்டு வாம்மா" என்றார், தரையைப் பார்த்து.

திங்கட்கிழமை காலை அவள் கிளம்பினாள். ஸ்டோரில் சரக்குக் கணக்கெடுப்பு என்பதால் வழியனுப்பப் போக அவருக்கு லீவு கிடைக்கவில்லை.